முகத்தை மறைத்தாலும் அடையாளம் தெரியும் ஊர்: ஆம்புலன்ஸும் நோயாளியின் அந்தரங்கமும்

என் அத்தான் விபத்தில் அடிபட்ட செய்தி அத்தைக்குப் போனில் சொல்லப்படவில்லை. படமாக வந்தது. நாங்குநேரிக்கு வடக்கே நான்குவழிச் சாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில், அவருடைய பைக் மீது ஒரு சரக்கு வேன் மோதியது. ஆம்புலன்ஸ் வந்து, அவரை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை நோக்கிப் புறப்பட்டது. வண்டி ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஒருவர் படுத்திருக்கிறார். முகத்தின் மேல் மஞ்சள் வட்டம் ஒன்றை வைத்து மறைத்திருந்தார்கள். கீழே ஒரு வரி: நாங்குநேரி பக்கம் விபத்து, பிரார்த்தனை செய்யுங்கள்.

அத்தை முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் யாரோ எடுத்து வைத்திருந்த வயர்கூடையைப் பார்த்தார். பச்சையும் வெள்ளையுமாக அவரே பின்னிய கூடை. ஒரு பக்கக் காது அறுந்து, நீல வயரால் கட்டியிருந்தார். அன்று காலையில் அதற்குள்தான் தூக்குச்சட்டியை வைத்து மகனை வேலைக்கு அனுப்பியிருந்தார்.

அந்தப் படம் வண்டிக்கு உள்ளேயிருந்து எடுக்கப்பட்டது. மேலே ஆக்சிஜன் குழாய் தெரிந்தது, பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த யாரும் அந்தக் கோணத்தில் நின்றிருக்க முடியாது. அத்தான் பிழைத்துக்கொண்டார். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். காலை அசையாமல் பலகை வைத்துக் கட்டிக் கொண்டுவந்ததால்தான் கால் தப்பியது என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எங்களிடம் சொன்னார். காலைக் கட்டிய கையும் படத்தை அனுப்பிய கையும் ஒரே ஆளுடையதாக இருக்கலாம். அந்த வண்டி எது, யாருடையது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரே பயணத்தில் ஒருவருக்கு இரண்டையும் செய்யத் தோன்றுகிறது என்றால், அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் மற்றொன்றைக் கற்றுக்கொடுக்கவில்லை என்று பொருள். அந்த விடுபட்ட பாடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூடையும் கயிறும் தெருப்பெயரும்

நோயாளியின் அந்தரங்கம் என்றால் முகத்தை மங்கலாக்குவது, பெயரை அழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெருநகரத்தில் அது ஓரளவு பலிக்கலாம். திருநெல்வேலிச் சீமையில் பலிக்காது. இங்கே ஒருவரை அடையாளம் காண முகம் தேவையில்லை. பைக்கின் பின்னால் ஒட்டியிருக்கும் குலதெய்வத்தின் பெயர் போதும். பீடிக் கடைக்குப் போகும் பெண்ணின் தட்டு போதும். பள்ளிச் சீருடையின் நிறம் போதும். "களக்காடு பக்கம், நேற்று ராத்திரி, வயது நாற்பது இருக்கும்" என்று ஒரு வரி எழுதினால் களக்காட்டில் அது யார் என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். ஊரின் பெயரும் நேரமும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும் இடத்தில், முகத்தில் வைக்கும் மஞ்சள் வட்டம் எடுத்தவரின் மனதைத்தான் ஆற்றும். கிடப்பவருக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

இதைவிடக் கடுமையான ஒன்றும் இந்த மண்ணில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் சாதி வெறியால் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டார். வெட்டியதாகப் பிடிபட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்ய வேண்டும் என்பது. அந்தக் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்பது இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது ஓர் ஆம்புலன்ஸுக்குள் எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டுக்காயத்தோடு ஓர் இளைஞர் கிடக்கிறார். முகம் மறைக்கப்பட்டிருக்கிறது. மணிக்கட்டில் கயிறு தெரிகிறது. அந்தப் படம் மூன்று குழுக்களைத் தாண்டியதும் அது விபத்தா, தகராறா என்று யாரும் கேட்கப் போவதில்லை. யார் ஆள், எந்தத் தெரு என்ற கேள்விதான் மிஞ்சும். அனுப்பியவர் அனுதாபத்தால் அனுப்பியிருக்கலாம். அந்தப் படம் போய்ச் சேரும் இடத்தில் அந்த அனுதாபம் இருக்காது.

நெல்லையின் நினைவில் இன்னொரு படமும் இருக்கிறது. 2017 அக்டோபர் 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்கு இரையானது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் மருத்துவப் பணியாளர்கள் இல்லை. அவை கந்துவட்டியின் கொடுமையை நாட்டுக்குக் காட்டின என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் உடல் எத்தனை லட்சம் போன்களுக்குள் போய்ச் சேர்ந்தது, இன்னும் எத்தனை போன்களில் கிடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. படம் எடுத்தவருக்கு அன்று ஒரு காரணம் இருந்தது. இன்று தேடி எடுத்துப் பார்ப்பவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

வண்டிக்குள் இருப்பவர்கள்

108 சேவை 2005 ஆகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும், அவசர மருத்துவ நுட்புநர் ஒருவரும் இருப்பார்கள். நாம் 108-ஐ அழைத்தால் சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் எடுக்கிறார்கள். அங்கிருந்து அருகிலுள்ள வண்டிக்குத் தகவல் போகிறது. நுட்புநருக்கு ஐயம் வந்தால் அங்கே பணியிலிருக்கும் மருத்துவரிடம் போனிலேயே கேட்டுக்கொள்வார். இவர்கள் தவிர தனியார் ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன. தொண்டு அமைப்புகளும் ஜமாத்துகளும் தேவாலயங்களும் நடத்தும் வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார்.

இவர்கள் பார்ப்பதை மருத்துவர்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவர் நோயாளியை வெள்ளை விரிப்பின் மேல் பார்க்கிறார். நுட்புநர் அவரை வீட்டுக்குள் பார்க்கிறார். சமையலறையில் என்ன கொட்டிக் கிடக்கிறது, கதவு யாரால் உடைக்கப்பட்டது, மாமியார் எந்த மூலையில் நின்றார், கட்டிலுக்கு அடியில் என்ன பாட்டில் உருண்டது என்று எல்லாம் அவர் கண்ணில் படுகிறது. காயத்தைப் பார்க்க உடையைக் கத்தரிப்பவரும் அவர்தான். ஒரு வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையும் உரிமையை உயிர் காப்பதற்காக நாம் அவருக்குக் கொடுத்திருக்கிறோம். அப்படிக் கொடுக்கப்பட்ட உரிமை அந்தக் காரியத்தோடு முடிந்துவிடுகிறது. அவர் அங்கே கண்டவற்றில் ஒன்றும் அவருக்குச் சொந்தமில்லை.

பிறகு ஏன் பதிவிடுகிறார்கள்? லைக்குக்காக என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் அந்த வேலையை அருகிலிருந்து பார்த்ததில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டைக் குறைக்க வேண்டும், ஊதியத்தைக் கூட்ட வேண்டும் என்று 108 தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். சிதைந்த உடலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கழுவி, அடுத்த அழைப்புக்குப் போக வேண்டும். பிழைத்தவரின் குடும்பம் மருத்துவருக்குச் சால்வை போர்த்தும்போது நுட்புநரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. பார்த்ததை இறக்கி வைக்கவும், செய்ததை யாரேனும் பாராட்டவும் அவருக்கு இருக்கும் ஒரே இடம் கையிலிருக்கும் போன். அந்தத் தவிப்பு நியாயமானது. அதற்கு அடுத்தவரின் உடலைக் கருவியாக்குவதுதான் நியாயமில்லை.

இந்தப் பழக்கம் அவர்களாக உண்டாக்கியதும் இல்லை. பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்தில் பல ஆண்டுகளாக வரும் ஒரு செய்தியை எல்லோரும் படித்திருப்போம்: "ஓடும் ஆம்புலன்ஸில் பெண்ணுக்குப் பிரசவம், தாயும் சேயும் நலம்." உள்ளே கணவரின் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், மனைவியின் பெயரும் வயதும் இருக்கும், எந்த ஊர், எந்தப் பாலத்தருகே வண்டி நின்றது, இது எத்தனையாவது பிரசவம் என்பது வரை இருக்கும். சில நேரம் படமும் இருக்கும். நல்ல செய்திதான். அந்த இரண்டு பணியாளர்களும் பாராட்டப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் சாலையோரத்தில் வண்டியின் பின்கதவுக்குள் பிள்ளை பெற்ற அந்தப் பெண்ணிடம், அதை ஊரறியச் சொல்லலாமா என்று யாராவது கேட்டார்களா? அவள் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதித்த காரணம் ஒரு வீட்டுச் சண்டையாக இருக்கலாம். முந்தைய பிரசவத்தில் குழந்தை இறந்திருக்கலாம். நல்ல செய்தியில் நோயாளியின் பெயரைச் சொல்வது தவறில்லை என்று நாம்தான் முதலில் பழக்கினோம். நல்லது எது, கெட்டது எது என்று தீர்மானிக்கும் வேலையையும் படம் எடுப்பவரிடமே விட்டுவிட்டோம். அந்தச் செய்தியில் பணியாளர்களின் பெயரைப் போடுங்கள், வண்டி எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று போடுங்கள். தாயின் பெயரும் ஊரும் இல்லாவிட்டால் அதில் எதுவும் குறைந்துவிடாது.

சிகிச்சைக்கு அனுப்பும் படம்

வண்டிக்குள் போனை எடுக்கவே கூடாது என்று சொன்னால் அது அறியாமை. நெஞ்சுவலிக்காரரின் இ.சி.ஜி. தாளைப் படமெடுத்து இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதால், நோயாளி வருவதற்குள் அங்கே ஏற்பாடுகள் தயாராகின்றன. தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில், வண்டி வருவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்வது முக்கியமான அங்கம். சிதைந்த காரின் படத்தைப் பார்த்து, உள்ளே எந்த உறுப்பு அடிபட்டிருக்கும் என்று ஊகிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படங்கள் உயிரைக் காக்கின்றன.

கசிவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இ.சி.ஜி. தாளின் மேல்முனையில் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும். அனுப்பிய படம் அனுப்பியவரின் கேலரியில் தங்குகிறது. பெறும் குழுவில் முப்பது பேர் இருந்தால், தானாகப் பதிவிறங்கும் வசதியை அணைக்காத ஒவ்வொருவரின் போனிலும் தங்குகிறது. அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் போகலாம். வீட்டில் பிள்ளை அதே போனில் விளையாடுகிறது. வேலையை விட்டுப் போனவர் குழுவிலிருந்து நீக்கப்படாமலே இருக்கிறார். "எல்லோருக்கும் அழி" என்பதை அழுத்தினால் உரையாடலிலிருந்து படம் போகும். ஒருவர் ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்ததை அது தொடாது. வதந்திகளைக் கட்டுப்படுத்த வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஊர்க்குழு ஒன்றில் இருநூறு பேர் இருந்தால் ஐந்து என்பதே ஆயிரம் பேர்.

பெயர் தெரியும் பகுதியை விரலால் மறைத்துப் படமெடுப்பது, சிகிச்சை மருத்துவருக்கு மட்டும் அனுப்புவது, ஒருமுறை பார்த்ததும் மறையும் வசதியைப் பயன்படுத்துவது, நோயாளியை ஒப்படைத்ததும் அழிப்பது: இவற்றுக்குப் பணம் செலவாகாது. பணிப்போனும் சொந்தப்போனும் வேறாக இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அதற்கு நிர்வாகம்தான் பணம் செலவழிக்க வேண்டும், தொழிலாளி இல்லை.

சட்டம் எங்கெங்கே இருக்கிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது அடித்தளம். அதன் மேல் நோயாளிக்கென்று ஒரே வீடு கட்டப்படவில்லை. அங்கங்கே சில சுவர்கள் நிற்கின்றன.

மருத்துவர்களுக்கு 2002-ம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது, அடையாளம் தெரியும்படி படத்தை அனுமதியின்றிப் பிரசுரிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறிகளையும் சேர்த்து, தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது; அதே மாதத்திலேயே அவற்றை நிறுத்தி வைத்தது. இவை எல்லாம் மருத்துவருக்கு. ஆம்புலன்ஸ் நுட்புநர் அந்த விதிகளுக்குள் வருவதில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் அவரையும் தன் பட்டியலில் சேர்த்து, அவர் ஒரு தொழில்முறை மருத்துவப் பணியாளர் என்று ஏற்றுக்கொண்டது. ஓட்டுநரோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

சில நிலைகளில் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது, பணியில் இருப்பவர்கள் அவற்றை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அக்கம்பக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். முகமில்லாமலே அடையாளம் தெரியும் என்பதை இந்தச் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்ற 2017-ம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மனநல சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று மனநலச் சட்டம் சொல்கிறது. உடலின் மறைவான பகுதியைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. சிகிச்சைக்காக உடை கத்தரிக்கப்பட்ட நிலையில் எடுத்த எந்தப் படமும் இதற்குள் வந்து விழலாம்.

2023-ல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் ஒருவரின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. இந்த அனுமதி எதற்கு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் இரத்த வகையை மருத்துவமனைக்குச் சொல்ல யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டாம். அதே மயக்கத்தை ஸ்டேட்டஸில் வைக்க அந்தப் பிரிவு துணை நிற்காது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொரு சட்டம். சாலையில் அடிபட்டவருக்கு உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் நெறிமுறைகளை ஏற்றது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் அவர் பெயரைக்கூடச் சொல்லும்படி போலீசோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. தூக்கிவிட்டவரின் பெயருக்கு இத்தனை காவல் இருக்கிறது. தூக்கிவிடப்பட்டவரின் பெயரும் ஊரும் காயமும் அதே மாலையில் நூறு குழுக்களில் ஓடுகின்றன.

இறந்தவர்களின் நிலை இதைவிட மோசம். இறந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்தரங்க உரிமை ஆளோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில் கூறியது. அமெரிக்காவில் இது வேறு விதமாகப் போனது. 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவர் மகள் உட்பட ஒன்பது பேர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். அங்கே சென்ற காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் உடல்களைப் படமெடுத்துத் தங்களுக்குள் பகிர்ந்தார்கள். ஒருவர் மதுக்கூடத்தில் அமர்ந்து அதைக் காட்டினார். 2022 ஆகஸ்டில் நடுவர் குழு, வழக்குத் தொடுத்த இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து 3.1 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. அந்தப் படங்கள் இணையத்தில் வெளிவந்திருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. என்றாவது ஒருநாள் வந்துவிடுமோ என்று குடும்பம் வாழ்நாளெல்லாம் அஞ்ச வேண்டியிருப்பதே தீங்கு என்று அந்தக் குழு ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த அதே ஆண்டில் கலிபோர்னியா ஒரு சட்டமும் இயற்றியது; இறந்தவரின் உடலைப் பணியின் தேவைக்கோ உண்மையான பொதுநலனுக்கோ அன்றி வேறு எதற்கும் மீட்புப் பணியாளர்கள் படமெடுப்பது அங்கே குற்றம்.

உண்மை சொல்லும் வாய்

இதுவரை சொன்னது மானம், கண்ணியம் பற்றியது. உயிர் பற்றியும் ஒன்று இருக்கிறது. அவசர சிகிச்சை என்பது பெரும்பாலும் கேள்விகளால் நடக்கிறது. என்ன குடித்தாய்? எத்தனை மணிக்கு? நாள் தள்ளிப் போயிருக்கிறதா? வேறு என்ன மாத்திரை போடுகிறாய்? விஷ முறிவு என்பது எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சரியாக அமையும். கருவுற்றிருப்பதை மறைக்கும் பெண்ணின் வயிற்றுவலி வேறு நோயாகத் தெரியும். இந்த உண்மைகள் பெற்றோர் எதிரில் வராது. வண்டியின் கதவு மூடிய பிறகு, நுட்புநர் குனிந்து காதருகே கேட்கும்போதுதான் வரும். அவர் கையில் போனைக் கண்டால் வராது. அந்த வண்டியில் ஏறினால் நாளை ஊர் பார்க்கும் என்ற எண்ணம் ஒரு கிராமத்தில் ஒருமுறை பரவிவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டுக்காரர்கள் 108-ஐ அழைக்கும் முன் யோசிப்பார்கள். ஆட்டோவில் ஏற்றி, முதலில் தெரிந்த வைத்தியரிடம் போவார்கள். அந்த அரைமணி நேரத்தில் ஓர் உயிர் போய்விடும்.

தற்கொலைக்கு முயன்றவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தற்கொலைச் செய்தியில் படமோ முறையின் விவரமோ வரக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-ல் நெறிமுறை வகுத்தது, அப்படிப்பட்ட செய்தி வேறு சிலரைத் தூண்டும் என்பதால். பிழைத்து வந்தவர் தன் படத்தை ஊர்க்குழுவில் பார்த்தால் திரும்பிப் போக அவருக்கு எந்த இடம் இருக்கிறது?

கடினமான ஒரு நிலையையும் சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாத ஒருவர் நினைவின்றிக் கிடக்கிறார். உறவினரைத் தேட வேண்டும். படத்தைப் பகிர்ந்ததால் சில மணி நேரத்தில் மகன் வந்து சேர்ந்த நிகழ்வுகள் உண்டு. இதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை ஒன்று உண்டு. சட்டைப்பையிலுள்ள பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, போனின் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தொடர்பு, தையல்காரரின் பட்டை, பச்சை குத்தியிருக்கும் பெயர் என்று எல்லாவற்றையும் பார்த்த பின், போலீஸ் வழியாகப் படம் போகலாம். முகம் துடைத்து, மார்பு வரை போர்த்தி எடுத்த படமாக அது இருக்கட்டும். ஆள் கிடைத்ததும் அதை நீக்கிவிட்டதாக அதே குழுக்களில் அறிவிக்கட்டும். இரத்தம் வழியும் படம் உறவினரைத் தேடித் தராது. வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் கூட்டும்.

பணியாளர்கள் சமூக ஊடகத்தை விட்டே ஓட வேண்டியதில்லை. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள் என்று வயலோரத்தில் நின்று ஒரு நுட்புநர் பேசும் இரண்டு நிமிடக் காணொளி, நூறு விபத்துப் படங்களைவிட அம்பாசமுத்திரம் வட்டாரத்துக்குப் பயன்படும். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைப் பொம்மையின் மேல் செய்து காட்டலாம். சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லலாம். உண்மை நிகழ்வு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, அவர் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் தன் உயிரை உங்கள் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் "சரி"யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குத் தெரிந்த நுட்புநர் ஒருவர் மேற்கே பாபநாசம் சாலையில் பல ஆண்டுகள் ஓடியவர். இரவு விபத்துகளில் வண்டிக்கு முன்பே கூட்டம் வந்துவிடும். பாதிப் பேர் கையில் போன் உயர்ந்திருக்கும். தொடக்கத்தில் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறார். சண்டையையும் அவர்கள் படமெடுத்தார்கள். பிறகு முறையை மாற்றிக்கொண்டார். வண்டியிலிருந்து இறங்கியதும், முன்னால் நின்று படமெடுப்பவரை நேராகப் பார்த்துச் சொல்வார்: "அண்ணாச்சி, அந்த போனில் டார்ச்சைப் போட்டு இங்கே பிடியுங்கள், எனக்கு நரம்பு தெரியவில்லை." அடுத்தவரிடம், "நீங்கள் அந்தத் துண்டை விரித்து இந்தப் பக்கம் மறைத்துக்கொள்ளுங்கள், பெண்பிள்ளை கிடக்கிறது." ஒருவர்கூட மறுத்ததில்லை என்கிறார். கல்லிடைக்குறிச்சிக்கு அருகே ஓர் இரவு, நாலைந்து போன்களின் வெளிச்சத்தில், மூன்று பேர் பிடித்த வேட்டித் துண்டுகளுக்கு நடுவே அவர் ஊசி ஏற்றியிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் வண்டிக்குள் போய்க் கதவு மூடும்வரை அந்தத் துண்டை யாரும் கீழே விடவில்லையாம்.